கொலு வைத்த வீட்டில் மாலைச் சிற்றுண்டி

நவராத்திரியின் ஒன்பது நாட்களிலும் கொலு வைத்திருக்கும் வீட்டின் அடுக்களைக்கு நேர்கிற சோதனை, கல்யாண வீட்டுச் சமையற்கட்டுக்கு நேர்கிற சோதனையைக் காட்டிலும் அளவில் சிறியதாயினும் தன்மையில் சங்கடமானது. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பந்தி நடக்கும், எந்த நேரத்துக்கு முதல் இலை போட வேண்டும் என்பவையெல்லாம் முன்கூட்டியே ஒருவாறு நிச்சயமாகியிருக்கும். கொலுவுக்கு அழைக்கப்பட்டவர்களோ, மாலையில் விளக்கேற்றியது முதல் இரவு ஆரத்தி எடுக்கும் வரையில், தனியாகவும் கூட்டமாகவும், அழைத்த நாளிலும் அழைக்காத நாளிலும் வந்துகொண்டே இருப்பார்கள். நேற்று ஐந்து பேர் மட்டுமே வந்த வீட்டுக்கு இன்று முப்பது பேர் வருவதும், முப்பது பேருக்கென்று செய்து வைத்த நாளில் மழை பிடித்துக்கொண்டு ஒருவருமே எட்டிப் பார்க்காமற் போவதும் சர்வ சாதாரணம்.

இதிலே இன்னொரு விசேஷமும் உண்டு. வருகிற விருந்தினர் பசியோடு வருகிறவர்கள் அல்லர். அதே தெருவில் இரண்டு மூன்று கொலுக்களைப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு தொன்னைச் சுண்டலை வாங்கிக்கொண்டு, பாட்டுப் பாடச் சொன்ன வீட்டில் பாடியும், பாடத் தெரியாதென்று சொன்ன வீட்டில் அதற்காகவே சற்று அதிக நேரம் உட்கார்ந்தும், இன்னும் இரண்டு வீடுகள் பாக்கியிருக்கின்றனவே என்ற நினைவோடு நம் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள் அவர்கள். ஆகையால் இவர்களுக்கு அளிக்கும் பதார்த்தம் வயிற்றை நிரப்புவதாக இருத்தல் கூடாது. கையில் எண்ணெயும் பாகும் ஒட்டுவதாக இருத்தல் கூடாது. அங்கேயே உண்டு முடிக்க இயலாவிட்டால் மடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தக்கதாக இருக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் முக்கியமாக, விருந்தினர் கூடத்தில் அமர்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் வீட்டுக்காரி அடுப்பின் முன் நில்லாமல் அவர்களோடு அமர்ந்து பேச இடங்கொடுப்பதாக அது இருக்க வேண்டும். கொலுவைப் பார்க்க வந்தவர்கள் பொம்மையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதற்காக வரவில்லை அல்லவா?

எளிதிற் செய்யத் தக்க சிற்றுண்டி என்றவுடன், சில நிமிஷங்களில் அடுப்பிலிருந்து இறக்கக்கூடிய பண்டங்களையே பலரும் தேடுகிறார்கள். இது பொருத்தமற்ற தேடல் என்பது என் அபிப்பிராயம். பஜ்ஜி ஐந்து நிமிஷத்தில் தயாராகும் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் விருந்தினர் வந்த பிறகே தொடங்க வேண்டியிருப்பதாலும், ஒரு கூட்டம் எழுந்து மறு கூட்டம் வந்தவுடன் மறுபடியும் எண்ணெயைக் காய வைக்க வேண்டியிருப்பதாலும், மாலை முழுவதும் ஒருவர் வாணலியை விட்டு நகர முடியாமற் போகிறது. கொண்டைக்கடலைக்கோ பத்து மணி நேரம் தேவை. எனினும் அதில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் அது தானே ஊறுகிறது, தானே வேகிறது. நாம் அதற்காகச் செலவிடுவது கால் மணி நேரங்கூட இல்லை. எந்த வேலையை எந்த வேளைக்கு ஒதுக்குவது என்பதிலே தான் சௌகரியம் அடங்கியிருக்கிறது. முந்தின இரவுக்கு உரிய வேலை, பிற்பகலுக்கு உரிய வேலை, விளக்கேற்றுவதற்கு முந்திய பத்து நிமிஷத்துக்கு உரிய வேலை என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்கிற வீட்டில் நவராத்திரி ஆயாசமின்றிக் கழிகிறது.

முதலில் தானியத்தை வாங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலோ, அவரவர் ஊர்க் கடைத்தெருவிலோ பொம்மை வாங்கப் போகிற நாளிலேயே பயறு வகைகளையும் புதிதாக வாங்கிவிடுவது நல்லது. போன வருஷத்துக் கடலையை டப்பாவின் அடியிலிருந்து தேடியெடுத்து ஊறப்போடும் சிக்கனம், கடைசியில் கடிபடாத சுண்டலில் கொண்டுபோய் விடும். ஏனெனில், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வெகு காலம் கிடந்த பயற்றின் உள் அமைப்பே மாறிப்போய், எத்தனை நேரம் வேகவைத்தாலும் மிருதுவாகாத தன்மையை அது அடைந்துவிடுகிறது. புதுக் கடலையோடு பழைய கடலையைக் கலப்பதும் தவறு. ஒன்று குழையும்போது மற்றொன்று கல்லாய் நிற்கும்.

ஊற வைக்கும் காலம் தானியத்துக்குத் தானியம் வேறுபடுகிறது. கறுப்புக் கொண்டைக்கடலையும் வெள்ளைக் கொண்டைக்கடலையும் எட்டு முதல் பத்து மணி நேரமும், காய்ந்த மொச்சை பத்து முதல் பன்னிரண்டு மணி நேரமும், காய்ந்த பட்டாணி ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஊற வேண்டும். இவை முந்தின இரவு படுக்கப் போகுமுன் நீரில் போட வேண்டியவை. காராமணிக்கும் வேர்க்கடலைக்கும் நான்கைந்து மணி நேரம் போதுமாதலால் காலையில் காபி குடித்த கையோடு போடலாம். பச்சைப்பயற்றுக்கு இரண்டு மணி, கடலைப்பருப்புக்கு ஒரு மணி, பயத்தம்பருப்புக்கு அரை மணி. தானியத்தின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நீர் வேண்டும். குறைந்தால், மேலே கிடப்பவை நீரையெல்லாம் உறிஞ்சிவிட்டு வறண்டுபோகும். உஷ்ணம் மிகுந்த புரட்டாசி நாட்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் நீர் நுரைத்துப் புளிப்பு வாடை வீசத் தொடங்குமாகையால், காலையில் ஒரு முறை நீரை வடித்துப் புது நீர் ஊற்றி வைப்பது உசிதம்.

இரவில் ஊறப்போட மறந்துபோவது எல்லா வீட்டிலும் நிகழ்வதே. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. கடலையைக் கழுவி, நிறைய நீர் விட்டு அடுப்பில் ஏற்றி, தளதளவென்று கொதி வந்த பின் இரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்கி, மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்திருந்தால், இரவு முழுவதும் ஊறியதற்குச் சற்றேறக் குறைய நிகராகிவிடும். அந்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைக்க வேண்டும். சோடா உப்பைப் போட்டு விரைவில் வேகவைக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. ஒரு சிட்டிகைக்கு மேற்பட்டால் சவர்க்கார வாடை வருவதோடு, தானியத்திலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமினும் அழிந்துபடுகிறது. நவராத்திரிச் சுண்டலின் பெருமையே அதன் போஷாக்கு என்று பேசிக்கொண்டே அதை அழிப்பதில் பொருளில்லை.

உப்பைப் பற்றி ஒரு பிராந்தி நிலவுகிறது. வேகும்போது உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பாட்டிமார் தொட்டுச் சொல்லி வருகிறார்கள். பயற்றின் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தே. உப்பு கலந்த நீரில் ஊறும்போது அச்சத்து ஓரளவு விலகி உப்பின் சத்து அவ்விடத்தில் புகுவதால், தோல் இறுகுவதற்குப் பதிலாக இளகவே செய்கிறது. எனவே ஊறும் நீரிலேயே ஒரு ஸ்பூன் உப்பைப் போடலாம். உள்ளே வரை சுவை ஏறும் என்பது இதனால் வரும் அதிக லாபம். உண்மையாகவே வேகவிடாமல் தடுப்பவை இரண்டு. ஒன்று புளிப்பு, புளியோ எலுமிச்சையோ மாங்காயோ, வெந்து முடிந்த பின்னரே கிட்டே வர வேண்டும். மற்றொன்று கடின நீர். சென்னையில் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால், எத்தனை விசில் கொடுத்தும் கடலை வேகவில்லை என்று குக்கரைக் குறை சொல்லுகிறவர்கள், குடிநீரில் ஒரு தரம் வேகவைத்துப் பார்த்தால் குற்றம் யாருடையது என்பதை அறிவார்கள்.

குக்கரில் கொண்டைக்கடலைக்கு நான்கைந்து விசிலும் அதன் பின் சிறு தீயில் பத்து நிமிஷமும், பட்டாணிக்கும் காராமணிக்கும் இரண்டு விசிலும் பெரும்பாலும் போதுமானவை. பருப்பு வகைகளைக் குக்கரில் போடாதிருப்பதே விவேகம். கடலைப்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் பதினைந்து இருபது நிமிஷமும், பயத்தம்பருப்பை ஏழெட்டு நிமிஷமும் வேகவைத்து, இடையிடையே ஒரு பருப்பை எடுத்து விரல்களுக்கிடையே அழுத்திப் பார்த்து, நசுங்குகிறது ஆனால் கரையவில்லை என்ற பக்குவத்தில் உடனே வடிதட்டில் கொட்டிவிட வேண்டும். பருப்பு மலர வேண்டும், குழையலாகாது. குழைந்துவிட்ட பயத்தம்பருப்பைச் சுண்டலாக்க முயல்வதை விட்டு, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பாயசமாக்கி அம்பாளுக்கு நிவேதனம் செய்துவிடுவது கௌரவமான மார்க்கம். வடித்த நீரைக் கொட்டிவிடாமல் மறுநாள் காலை ரசத்துக்கு ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பது நம் வீடுகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் இது பொருந்தாது. ராஜ்மா அரைகுறையாக வெந்தால் வாந்தியையும் வயிற்று உபாதையையும் உண்டாக்கும் ஒரு நச்சுப் பொருள் அதில் இருப்பதால், ஊறிய நீரையும் வெந்த நீரையும் கொட்டிவிட வேண்டும். குறைந்தது பத்து நிமிஷமாவது அது தளதளவென்று கொதித்தாக வேண்டும்.

காலையிலேயே வேகவைத்து மாலை வரை அடுப்பு மேடையில் மூடி வைக்கும் வழக்கத்தை நான் ஆமோதிக்க மாட்டேன். வெந்த தானியம் வெதுவெதுப்பாக மூடிக் கிடக்குமானால், அந்தப் புழுக்கத்தில் நான்கு மணி நேரத்துக்குள்ளாகவே ஊசிப்போகத் தொடங்கும். காலையில் தான் அவகாசம் கிடைக்கிறது என்றால், வெந்ததை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இல்லையேல் பிற்பகல் மூன்று மணிக்குக் குக்கரை ஏற்றினால் போதும். அலுவலகத்துக்குச் செல்லும் பெண்மணிகளுக்கு முதலாவது வழியே உகந்தது. மாலை வீடு திரும்பிக் கை கால் கழுவி விளக்கேற்றுவதற்குள் தாளித்து இறக்கிவிடலாம்.

அளவு விஷயத்தில் உத்தேசமாகச் சொல்வதானால், ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்த பின் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலாகும். கொலுத் தொன்னையில் எழுபது எண்பது கிராமுக்கு மேல் வைப்பது அவசியமில்லையாதலால், இது ஏறக்குறைய முப்பது பேருக்கு வரும். இதற்கு நான்கு தேக்கரண்டி உப்பு, ஒரு பெரிய தேங்காய், எட்டுப் பச்சை மிளகாய், இரண்டு அங்குல இஞ்சி, மூன்று மேஜைக்கரண்டி எண்ணெய் என்பது சரியான விகிதம். ஊறும் நீரில் உப்புப் போட்டிருந்தால் தாளிக்கும்போது அதற்கேற்பக் குறைத்துக்கொள்க. பழைய நூல்களில் படி, ஆழாக்கு என்று காணும் அளவுகளை அப்படியே கிராமாக்க முற்படுவோர், ஊருக்கு ஊர் படி வேறுபட்டிருந்தது என்பதையும், தேசமெங்கும் ஒரே அளவு வருவதற்கு 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் தேவைப்பட்டது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

இனித் தாளிதம். வாணலியில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்கவிட்டு, உளுத்தம்பருப்பைச் சிவக்கவிட்டு, காய்ந்த மிளகாயையும் பெருங்காயத்தையும் கறிவேப்பிலையையும் போட்டு, நசுக்கிய இஞ்சி பச்சை மிளகாயை ஒரு புரட்டுப் புரட்டி, நீர் சொட்டாமல் வடிந்த கடலையைக் கொட்டி, உப்புச் சேர்த்து மூன்று நிமிஷம் கிளற வேண்டும். ஈரம் வற்றித் தானியத்தின் மேல் மெல்லிய பளபளப்பு ஏறுவது தான் பதம். சிலர் தனியா, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் ஆகியவற்றை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக் கடைசியில் தூவுகிறார்கள். இந்தப் பொடியை முதல் நாளே ஒன்பது நாட்களுக்கும் சேர்த்துச் செய்து வைத்துக்கொண்டால், இஞ்சி பச்சை மிளகாய் நறுக்கும் வேலை ஒன்றுவிட்டு ஒரு நாள் மிச்சமாகும். சுவையிலும் மாறுதல் உண்டாகும். வெங்காயமும் பூண்டும் நிவேதனத்துக்கு ஆகா.

தேங்காய் தான் இதில் அவசரக்காரன். துருவிய தேங்காய் சேர்ந்த சுண்டல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வழவழத்துப் போகக்கூடும். முப்பது பேருக்குச் சுண்டல் செய்கிற வீட்டில், பத்துப் பேருக்கு உரியதை மட்டும் தாளித்துத் தேங்காய் சேர்த்து நிவேதனத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதிக் கடலையை வெந்தபடியே ஃபிரிட்ஜில் தனியாக வைத்து, தாளிதப் பொருள்களை ஒரு தட்டில் ஆயத்தமாக வைத்துவிட வேண்டும். வாசலில் இரண்டாம் கூட்டத்தின் சப்தம் கேட்ட பிறகு, மகளோ மருமகளோ, ஏன், வீட்டுக்காரரோ ஐந்து நிமிஷத்தில் இரண்டாம் தவணையைத் தாளித்துவிடலாம். மழை வந்து ஒருவரும் வராமற் போனாலும் நஷ்டமில்லை. உப்பேறாத வெந்த கடலை மறுநாள் கத்தரிக்காயோடு சேர்ந்து குழம்பாகும். வெந்த கடலைப்பருப்பு வெல்லத்தோடு அரைபட்டுப் போளிக்குப் பூரணமாகும். தேங்காய் சேர்ந்துவிட்ட சுண்டலோ வேறு எதுவும் ஆகாது. தேங்காய் துருவும் பொறுப்பை ஆடவர்களிடம் ஒப்படைக்கலாம் என்பது என் சிபாரிசு. படி கட்டவும் வண்ண விளக்குப் போடவும் உற்சாகம் காட்டுகிறவர்கள், அந்த உற்சாகத்தை நான்காம் நாளுக்குப் பின்னும் காட்டுவதற்கு இது ஒரு சந்தர்ப்பம்.

எந்த நாளுக்கு எந்தச் சுண்டல் என்பதில் பல குடும்பங்கள் நவக்கிரக தானியங்களை அனுசரிக்கின்றன. ஞாயிற்றுக்குக் கோதுமை, திங்களுக்கு அரிசி, செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, வியாழனுக்குக் கொண்டைக்கடலை, வெள்ளிக்கு மொச்சை, சனிக்கு எள் என்பது வரிசை. ராகு கேதுக்களுக்கு உரிய உளுந்தையும் கொள்ளையும் மீதமுள்ள இரு நாட்களுக்கு வைத்துக்கொள்வோர் உண்டு. இந்த ஏற்பாட்டில், இன்றைக்கு என்ன செய்வது என்று தினந்தோறும் மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்ற அனுகூலம் இருக்கிறது. பிரதிகூலமும் இருக்கிறது: வியாழக்கிழமை மாலை அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் கொண்டைக்கடலை தான். நான்காவது வீட்டில் அதை வாங்கிக்கொள்ளும் அம்மாளின் புன்னகையில் எவ்வளவு பெருந்தன்மை வேண்டியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நிவேதனத்துக்கு ஒரு பிடி கொண்டைக்கடலையைச் சம்பிரதாயப்படி செய்துவிட்டு, வருகிறவர்களுக்கு வேறொன்றைக் கொடுப்பதில் சாஸ்திர விரோதம் ஏதுமில்லை. அடுத்த வீட்டாரோடு முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டு, இன்று உங்களுக்குப் பட்டாணி, எங்களுக்கு வேர்க்கடலை என்று பங்கிட்டுக்கொள்வது இன்னும் சிலாக்கியமானது.

தேங்காய், மாங்காய், பட்டாணி மூன்றையும் கொண்டு மெரினா கடற்கரையில் விற்கிறார்களே, அந்தச் சுண்டலைக் கொலுவுக்குச் செய்தால் குழந்தைகள் இரண்டாம் தொன்னை கேட்பது உறுதி. மாங்காயைத் துருவாமல் பொடிப்பொடியாக நறுக்கி, அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும் என்பது ஒன்றே நினைவில் வைக்க வேண்டியது. இனிப்பு விரும்புகிறவர்களுக்குக் காராமணி வெல்லச் சுண்டல் ஏற்றது. வெந்த காராமணியை வெல்லப்பாகில் போட்டவுடன் அது சற்று இறுகுமாதலால், காரச் சுண்டலுக்கு வேண்டியதைக் காட்டிலும் ஒரு படி அதிகமாக வேகவைத்துக்கொள்ள வேண்டும். ஏலமும் தேங்காயும் கடைசியில். பற்கள் பழுதுபட்ட முதியவர்கள் வருவார்கள் என்று தெரிந்த நாளில் பயத்தம்பருப்புச் சுண்டலைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமையில் வெல்லப் புட்டு நிவேதனம் செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. ஒன்பது நாட்களில் ஒரு வெள்ளியாவது தப்பாமல் வரும். சில வருஷங்களில் இரண்டும் வரும். இது அவசரத்தில் செய்யத் தக்கதன்று. அரிசி மாவைச் சிவக்க வறுத்து, மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரைத் தெளித்துப் பிசிறி, கையில் பிடித்தால் பிடிபட்டும் விட்டால் உதிர்ந்தும் போகிற நிலையில் ஆவியில் வேகவைத்து, உருட்டிப் பாத்திரத்தில் போட்டால் ‘டங்’ என்று சப்திக்கும் பதத்தில் காய்ச்சிய வெல்லப்பாகைச் சேர்த்து வைக்க வேண்டும். பாகு சேர்த்தவுடன் கட்டிப்பட்டுக் காணப்படும் புட்டு, சில மணி நேரம் மூடிக் கிடந்த பின் பொலபொலவென்று உதிர்ந்து வருமாதலால், காலையிலேயே செய்து முடித்துவிட்டு மாலையைச் சுதந்திரமாக வைத்துக்கொள்ளலாம். முந்திரியையும் ஏலத்தையும் மட்டும் பரிமாறும் வேளையில் நெய்யில் பொரித்துப் போட்டால் போதும்.

உண்மையான அவசரத்துக்கு அவலே சஞ்சீவி. விருந்தினர் வாசலில் நிற்கும்போது கூடத் தொடங்கலாம் என்று சொல்லத் தக்க பண்டம் நம் சமையலில் இது ஒன்று தான். மெல்லிய அவலை ஊற வைக்கவே வேண்டாம். நீர் தெளித்துப் பிசிறினால் போதும். கெட்டி அவலுக்குக் கழுவி வடித்த பின் பத்துப் பதினைந்து நிமிஷம். அதில் பொடித்த வெல்லம், தேங்காய், ஏலம் சேர்ந்தால் இனிப்பு. எலுமிச்சைச் சாறும் வேர்க்கடலை சேர்ந்த தாளிதமும் ஏறினால் காரம். புளிக்கரைசலில் ஊறவைத்துத் தாளித்தால் புளி அவல். மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பதால், ஒரு கிலோ கெட்டி அவல் வீட்டில் இருக்கும் வரை எந்தக் கூட்டத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அவலை அளவுக்கு மிஞ்சி ஊறவிட்டுக் கூழாக்கிவிடுவது ஒன்றே இதில் நேரக்கூடிய விபத்து.

அடுப்பே வேண்டாத மற்றொரு பதார்த்தம் கோசுமல்லி. அரை மணி முதல் முக்கால் மணி வரை ஊறிய பயத்தம்பருப்பை நீர் வடித்து, வெள்ளரிக்காயோ காரட்டோ துருவிச் சேர்த்து, மாங்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய், தேங்காய் ஆகியவற்றோடு கலந்தால் முடிந்தது. கடுகு தாளித்தால் மணம் கூடும். உப்பை முன்னதாகவே போட்டு வைத்தால் வெள்ளரி நீர் விட்டுவிடும். தொன்னையில் எடுத்து வைக்கிற சமயத்தில் தான் உப்பும் எலுமிச்சையும் போட வேண்டும். உபவாசமிருப்போரும், நீரிழிவுக்காரர்களும் இதை விரும்பி ஏற்பார்கள்.

அம்மிணிக் கொழுக்கட்டையை இவ்வத்தியாயத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கொதிநீரில் கிளறிய அரிசி மாவைக் கோலிக்குண்டு அளவில் நூற்றுக்கணக்காக உருட்ட வேண்டியிருப்பதால் இதைச் சுலபம் என்று சொல்ல மனம் துணியவில்லை. ஆயினும் பள்ளி விடுமுறையில் குழந்தைகள் நாலைந்து பேர் வீட்டிலிருந்தால், உருட்டும் வேலை அவர்களுக்கு விளையாட்டு. பத்து நிமிஷம் ஆவியில் வேகவைத்துத் தாளித்துத் தேங்காய் தூவினால், சுண்டல் உண்டு சலித்த நாக்குக்கு அது பெரிய ஆறுதல். பொரித்த பண்டங்களில் ஆமவடை ஒன்றையே நான் அனுமதிப்பேன்: இரண்டு மணி நேரம் ஊறிய கடலைப்பருப்பில் ஒரு பிடியை அரைக்காமல் எடுத்து வைத்துப் பின்னர் கலந்து, நான்கு மணிக்கே பொரித்து எடுத்துவிட்டால், ஆறிய பின்னும் அதன் மொறுமொறுப்பு ஓரளவு நிலைக்கும். உளுந்து வடை ஆறினால் தோல் போலாகிவிடும்; அது சரஸ்வதி பூஜையன்று பகல் இலைக்கு உரியது. கோகுலாஷ்டமிச் சீடையில் மிஞ்சியதை இப்போது எடுத்து நீட்டுவோரும் இருக்கிறார்கள். அதில் எழும் காறல் வாடையை விருந்தினர் மரியாதையின் காரணமாகவே சொல்லாதிருக்கிறார்கள் என்று அறிக.

பரிமாறும் முறையையும் சிறிது கவனிக்க வேண்டும். மந்தாரை இலைத் தொன்னையோ, வாழை இலைத் துண்டோ கிடைக்கும் ஊரில் வேறொன்றையும் தேட வேண்டாம். செய்தித்தாளைப் பொட்டலமாக மடித்துச் சூடான சுண்டலைப் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுதல் அவசியம். அச்சு மையிலுள்ள இரசாயனங்கள் எண்ணெயிலும் சூட்டிலும் கரைந்து உணவில் ஏறுமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதானால், சூடு ஆறிய பின்னரே டப்பாவில் போட்டு மூட வேண்டும். ஆவி அடங்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டியது, அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் வியர்த்து நீர்த்துவிடும். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி இவற்றோடு சுண்டலையும் ஒன்றாக வைத்துக் கொடுக்கும்போது, எண்ணெய்ப் பசை துணியில் படாதபடி இடையில் ஓர் இலையைச் செருகுவது சிறிய விஷயந்தான். ஆனால் ரவிக்கைத் துணியைப் பெற்றுக்கொண்டவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்ட வருஷங்களில், நனைந்து வருகிறவர்களுக்குச் சுண்டலோடு சுக்குக் காபி கொடுக்கலாம். சுக்கு, தனியா, மிளகு மூன்றையும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்த நீரை வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டால், மாலை முழுவதற்கும் மீண்டும் அடுப்பைப் பற்ற வைக்கும் அவசியமே நேராது.

ஒன்பதாம் நாளான சரஸ்வதி பூஜையன்றும் மறுநாள் விஜயதசமியன்றும் பொரியும் பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் எப்படியும் வீட்டில் குவிந்திருக்கும். அலுவலகத்து ஆயுத பூஜைப் பொட்டலங்களும் வந்து சேரும். இவ்விரு மாலைகளிலும் புதிதாக ஒன்றும் செய்யாமல், பொரியில் வேர்க்கடலை, மாங்காய்த் துருவல், காரட், கொத்தமல்லி, சிறிது மிளகாய்த் தூள், ஒரு கரண்டி காய்ச்சிய தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து மசாலாப் பொரியாக்கிக் கொடுத்துவிடலாம். ஒருமிக்கக் கலந்து வைத்தால் பொரி நமுத்துப்போகுமாதலால், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ அத்தனைக்கு மட்டும் அவ்வப்போது கலக்க வேண்டும்.

பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற அன்றே, மிஞ்சிய தானியங்களையும் ஒரு பகல் வெயிலில் காயவைத்து, ஆறிய பின் காய்ந்த வேப்பிலையோ நாலைந்து வற்றல் மிளகாயோ போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வாங்கிய மாதத்தை மேலே எழுதி ஒட்டிவிட வேண்டும். மொச்சையை மட்டும் கார்த்திகைக்குள் குழம்பில் போட்டுத் தீர்த்துவிடுவது நல்லது. மார்கழி பிறந்து சந்தையில் பச்சை மொச்சை வந்து இறங்கிவிட்டால், டப்பாவிலிருக்கும் காய்ந்த மொச்சையை வீட்டில் யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.